ஆடியவரும் ஆட்டுவித்தவரும்

2003 செப்ரெம்பர் 8 ஆம் திகதி, மியூனிக் நகருக்கு அண்மையில் ஸ்ரார்ன்பேர்க் ஏரிக்கரையிலுள்ள போக்கிங் என்ற ஊரில் லெனி றீஃபன்ஸ்ரால் காலமானார். அப்போது அவருக்கு வயது 101. நடனக்காரியாகத் தொடங்கி, சினிமா நடிகையாகி, பின் இயக்குநராகி, ஹிட்லருடைய கட்சி மாநாட்டைப் படமாக்கி, உலகப் புகழையும் உலகப் பழியையும் ஒருசேரத் தேடிக்கொண்டவர் இவர். இவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பர். சினிமாவின் மேதை என்பர் ஒரு சாரார். நாஸிகளின் கைக்கருவி என்பர் மறுசாரார். இரண்டும் உண்மைதான். இரண்டையும் ஒன்றாகச் சொல்வதிலும் முரண்பாடு எதுவும் இல்லை.

நாம் அந்த வழக்குக்குள் மீண்டும் நுழையப்போவதில்லை. தமிழில் ஆடுதல் என்றொரு சொல்லும் ஆட்டுவித்தல் என்றொரு சொல்லும் உண்டு. லெனியின் நீண்ட வாழ்வை இவ்விரு சொற்களுக்குள்ளும் அடக்கிவிடலாம். ஆனால் ஆட்டுவித்தவர் ஒருவர் இருந்தால், ஆட்டுவிக்கப்பட்டவர் ஒருவரும் இருந்தே தீரவேண்டும். லெனியைப் பற்றிய புத்தகங்களில் கடைசி அத்தியாயங்களிலும் அடிக்குறிப்புகளிலும் மட்டும் தலைகாட்டும் அந்த மூன்றாமவரைத் தேடிப் போவதுதான் எமது நோக்கம். முகாம்களில் இருந்து வந்த எமக்கு அவர்களில்தான் அக்கறை கூட.

*

லெனி 1902 ஓகஸ்ட் 22 ஆம் திகதி பேர்லினில், தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த வெடிங் பகுதியில் பிறந்தார். தகப்பனார் கட்டிடங்களுக்கு வெப்பமூட்டும் கருவிகளும் காற்றோட்ட வசதிகளும் பொருத்தும் தொழில் நடத்தியவர். மேடையில் ஆடும் பெண் குடும்பத்துக்கு மானக்கேடு என்பது அவரது எண்ணம். எம்மூர்த் தகப்பன்மாரை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாயார் கணவருக்குத் தெரியாமல் மகளை நடன வகுப்புக்கு அனுப்பினார். விடயம் வெளிவந்து வீடு இரண்டுபட்டபோதும் மகள் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் டிறெஸ்டன் நகரில், நவீன நடனத்தின் முன்னோடியான மேரி விக்மனின் பள்ளியிலும் சில காலம் பயின்றார்.

1923 ஒக்ரோபரில் மியூனிக்கில் லெனியின் முதலாவது தனி நடன நிகழ்ச்சி நடந்தது. ஜேர்மனியில் ஒரு பாணின் விலை கோடிக்கணக்கான மார்க்காக ஏறியிருந்த காலம் அது. மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர் ஹரி சோக்கால் என்ற ஒஸ்ரிய வங்கியாளர். யூத வம்சாவளியினர். பேர்லினில் லெனிக்கு மேடை கொடுத்த மாக்ஸ் றைன்ஹார்ட்டும் ஒரு யூதரே. இவ்விருவரும் 1933 இல் ஜேர்மனியை விட்டுப் போனார்கள். லெனியின் கதையில் இப்படித் தொடக்கத்தில் உதவிவிட்டு நடுவில் காணாமற் போகிறவர்களின் பட்டியல் நீளமானது.

அடுத்த சில மாதங்களில் அவர் ஜேர்மனியிலும் வெளிநாடுகளிலும் எழுபது தடவையளவில் ஆடினார். 1924 இல் பிராக் நகரில் முழங்கால் முறிவடைந்தது. வைத்தியரிடம் போவதற்காக பேர்லின் ரயில் நிலையமொன்றில் காத்துநின்றபோது ஒரு மலைப் படத்தின் விளம்பரத்தைக் கண்டதாகவும், ரயிலை விட்டுவிட்டுப் படத்துக்குப் போனதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படத்தின் இயக்குநர் ஆர்னோல்ட் ஃபாங்க். லெனி அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். ஃபாங்க் லெனிக்காகவே ஒரு கதை எழுதினார். 1926 இல் வெளிவந்த 'புனித மலை' என்ற அந்த மௌனப் படத்தில் லெனி நடனக்காரியாகவே வருகிறார். கடற்கரைப் பாறைகளில் அலைகளுக்கு முன்னால் ஆடுகிறார். மேடையில் முடிந்துபோன நடனம் திரையில் மறுபிறப்பெடுத்தது.

ஃபாங்கின் படங்களில் லெனி பனிப்பாறைகளில் ஏறினார், பனிச்சறுக்கினார், வெறுங்காலுடன் மலையேறினார். அதைவிட முக்கியமாக, கமராவின் வில்லைகளையும், ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளையும், படத்தொகுப்பு மேசையையும் பழகினார். உடம்பைக் கொண்டு பேசத் தெரிந்த ஒருவர், உடம்பைக் கமரா எப்படிப் பார்க்கிறது என்பதையும் கற்றுக்கொண்டார்.

*

1932 மார்ச்சில் 'நீல ஒளி' வெளிவந்தது. லெனி முதன்முதலில் இயக்கிய படம். மலைக் கிராமமொன்றில் யுந்தா என்ற அநாதைப் பெண். பௌர்ணமி இரவுகளில் நீல ஒளி வீசும் பளிங்குக் குகைக்கு வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கிராமத்து இளைஞர்கள் அங்கு ஏற முயன்று விழுந்து சாகிறார்கள். கிராமம் அவளைச் சூனியக்காரி என்கிறது. வெளியிலிருந்து வரும் ஓர் ஓவியன் வழியைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்ல, ஊரார் பளிங்கை எல்லாம் பெயர்த்தெடுத்துவிடுகிறார்கள். வெறுமையான குகையைக் கண்ட யுந்தா மலையிலிருந்து விழுந்து இறக்கிறாள். யுந்தாவாக நடித்தவரும் லெனியே.

இப்படத்தின் திரைக்கதையில் பெரும்பங்கு பேலா பலாஷ் என்பவருடையது. ஹங்கேரியர், யூதர், கம்யூனிஸ்ட். சினிமாக் கோட்பாடு பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர். தமது ஊதியத்தைப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் உழைத்துவிட்டு மொஸ்கோ சென்ற அவர், அங்கிருந்து பணத்தைக் கேட்டார். 1933 இறுதியில் லெனி அவ்விடயத்தைக் கவனிக்கும் அதிகாரத்தை எழுத்துமூலம் ஒருவருக்குக் கொடுத்தார். அந்த ஒருவர் யூலியஸ் ஸ்ரைஷர். யூத வெறுப்பைக் கக்குவதற்கென்றே பத்திரிகை நடத்திய நாஸித் தலைவர். இரண்டொரு வரிகளில் அமைந்த அத்தாளில் பலாஷின் பெயருக்கு முன்னால் யூதர் என்ற சொல் இருக்கிறது. 1938 இல் படம் மீண்டும் திரைக்கு வந்தபோது பலாஷின் பெயர் அதில் இல்லை.

எமக்கு இது ஒரு சிறு சம்பவமாகத் தெரியவில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்டவனை, அவன் யார் என்பதைச் சொல்லியே வாயடைக்கச் செய்யலாம் என்பது இங்கே நடந்திருக்கிறது. விசா இல்லாதவன் சம்பளம் கேட்டால் என்ன பதில் வரும் என்பதைச் சமையலறைகளில் கோப்பை கழுவிய எம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

1932 பெப்ரவரியில் பேர்லின் விளையாட்டரங்கொன்றில் லெனி ஹிட்லரின் பேச்சைக் கேட்டார். மே மாதத்தில் அவருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் வடகடற் கரையில் இருவரும் சந்தித்தனர். அழைத்தது ஹிட்லர் அல்ல, முதலில் எழுதியது லெனி என்பதைக் குறித்துக்கொள்வோம். ஹிட்லர் அப்போது ஆட்சிக்கு வந்திருக்கவில்லை.

1933 இல் நியூரம்பேர்க்கில் நடந்த கட்சி மாநாட்டை லெனி 'நம்பிக்கையின் வெற்றி' என்ற பெயரில் படமாக்கினார். அதில் ஹிட்லரின் பக்கத்திலேயே எஸ்.ஏ. படைத் தலைவர் ஏர்ன்ஸ்ட் றோம் வருவார். 1934 யூன் இறுதியில் ஹிட்லரின் கட்டளைப்படி நடந்த களையெடுப்பில் கைதாகி, றோம் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆள் போனதும் படமும் போயிற்று. பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே ஒரு பிரதி வெளியே வந்தது. 1934 மாநாட்டில், போரில் இறந்தவர்களுக்கு மலர்வளையம் வைக்க அணிகளின் நடுவே நடந்துபோகும் காட்சியில் ஹிட்லருடன் செல்பவர்கள் ஹிம்லரும், றோமின் பதவிக்கு வந்த லுட்சேயும். அந்த 1934 மாநாட்டின் படம்தான் 'மனவுறுதியின் வெற்றி'.

இதற்கென லெனியிடம் சுமார் 170 பேர் வேலை செய்தனர். கமராக்காரர்கள் கூட்டத்தில் தனித்துத் தெரியாதிருக்க எஸ்.ஏ. சீருடை அணிந்தனர். கொடிக்கம்பமொன்றில் மின்தூக்கி பொருத்தப்பட்டு அதில் கமரா மேலும் கீழும் போய்வந்தது. பேச்சு மேடையைச் சுற்றித் தண்டவாளம் போடப்பட்டது. சில்லுச் சப்பாத்துகளில் உருண்டபடியே படம்பிடித்தவர்களும் இருந்தனர். அறுபது மணித்தியாலங்களுக்கு மேல் எடுத்த படச்சுருளை மாதக்கணக்கில் வெட்டி ஒட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த படமாக்கினார். 1935 மார்ச் 28 ஆம் திகதி பேர்லினில் முதற் காட்சி. ஜேர்மன் அரசின் பரிசும், வெனிஸில் ஒரு பரிசும், 1937 இல் பாரிஸ் கண்காட்சியில் பெரும் பரிசும் கிடைத்தன. பாரிஸின் பரிசைக் கொடுத்தவர்கள் நாஸிகள் அல்லர்.

நடந்ததை நடந்தபடி எடுத்தேன், வரலாற்றைப் பதிவுசெய்தேன் என்பதே லெனி கடைசிவரை சொன்ன நியாயம். ஆனால் படம் வெளியான 1935 இலேயே, மாநாட்டு ஏற்பாடுகளும் படப்பிடிப்பு ஏற்பாடுகளும் ஒன்றோடொன்று இணைத்தே செய்யப்பட்டன என்பதை ஒப்புக்கொள்ளும் புத்தகமொன்று அவர் பெயரில் வந்தது. பின்னாளில் அதை எழுதியது வேறொருவர் என்றார்.

படத்தைப் பார்த்தால் அவர் நடனக்காரி என்பது விளங்கும். பல்லாயிரம் ஆட்கள் ஓருடம்பாக அசைகிறார்கள். தனி முகம் வரும்போதும் அது மேலே, தலைவரை நோக்கியே பார்க்கிறது. மேகங்களைக் கிழித்து விமானத்தில் வந்திறங்கும் ஒருவருக்காக ஒரு நகரமே அரங்காகிறது. படம் வந்து ஆறு மாதம் கழியவில்லை. 1935 செப்ரெம்பர் 15 ஆம் திகதி, அதே நகரில், அடுத்த மாநாட்டின்போது யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டங்கள் அறிவிக்கப்பட்டன.

*

1936 ஓகஸ்டில் பேர்லினில் ஒலிம்பிக். 'ஒலிம்பியா' படத்துக்காக ஒரு தனியார் நிறுவனம் பதியப்பட்டது. பணம் முழுவதும் கோயபல்ஸின் பிரச்சார அமைச்சினூடாக வந்தது. முதலில் ஒதுக்கப்பட்டது 15 இலட்சம் மார்க். ஓட்டக்காரர்களைத் தாழ்விலிருந்து பார்க்க மைதானத்தில் குழிகள் வெட்டப்பட்டன. நீருக்கடியில் எடுக்கும் கமரா செய்யப்பட்டது. பாய்பவர்கள் தண்ணீரைத் தொடாமல் ஆகாயத்தில் பறவைகளாக மாறும் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் மூச்சு நிற்கும். நான்கு தங்கப் பதக்கம் வென்ற கறுப்பின வீரர் ஜெசி ஓவன்ஸையும் படம் மறைக்கவில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. சுமார் நான்கு இலட்சம் மீற்றர் படச்சுருளிலிருந்து தொகுக்கப்பட்ட 'ஒலிம்பியா', 1938 ஏப்ரல் 20 ஆம் திகதி, ஹிட்லரின் பிறந்தநாளில், திரைக்கு வந்தது.

அந்தச் சுருள்களில் இல்லாத ஒரு காட்சி உண்டு. விளையாட்டுகள் தொடங்குவதற்கு இரண்டு கிழமைகளுக்கு முன், 1936 யூலை 16 ஆம் திகதி அதிகாலை, பேர்லினில் வாழ்ந்த றோமா, சிந்தி மக்கள் சுமார் 600 பேரைப் பொலிஸார் பிடித்தனர். 'ஜிப்சிகள்' என்று இகழ்ந்து அழைக்கப்பட்ட மக்கள். வெளிநாட்டு விருந்தினரின் கண்ணில் இவர்கள் படக்கூடாதென்பதால் நகரின் கிழக்கு எல்லையில் மார்சான் என்ற இடத்தில், கழிவுநீர் பாய்ச்சும் வயல்களுக்கும் சவக்காலைக்கும் பக்கத்தில், குடியமர்த்தப்பட்டனர். பின் அவர்களால் அங்கிருந்து போக முடியவில்லை. மைதானத்தில் கமராக்கள் சுழன்றபோது, அதே நகரில் மார்சான் முகாம் இருந்தது. லெனி அதற்குப் பொறுப்பல்ல. ஆனால் ஆறு வருடங்களின் பின் அவரது கமரா அம்முகாமைத் தேடி வந்தது.

*

1939 செப்ரெம்பரில் போலந்துப் போருக்கு லெனி படப்பிடிப்புக் குழுவுடன் போனார். கொன்ஸ்கியே என்ற ஊரில் ஜேர்மன் படையினர் யூதர்களைச் சுட்டனர். அங்கே அதிர்ச்சியில் முகம் சுருங்கி நிற்கும் லெனியின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. அந்த அதிர்ச்சி பொய்யென நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் வார்சோவில் ஹிட்லரின் வெற்றி அணிவகுப்புக்கு அவர் போனார். 1940 யூனில் பாரிஸ் வீழ்ந்தபோது ஹிட்லருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார்.

அதன்பின் அவர் தொடங்கியது 'தாழ்நிலம்'. ஸ்பானிய மலைக் கிராமத்துக் கதை. கொடிய நிலப்பிரபு, அவனிடம் அகப்பட்ட மார்த்தா என்னும் நடனக்காரி, மலையிலிருந்து வரும் இடையன். லெனி இயக்குநராகவும் மார்த்தாவாகவும் இரட்டைப் பணி செய்தார். முழங்கால் முறிந்து பதினாறு வருடங்களின் பின் மீண்டும் ஆடினார். மதுச்சாலையில் மார்த்தா ஆட, சுற்றியிருந்து பார்ப்பதற்கு ஸ்பானிய முகங்கள் தேவைப்பட்டன. போர்க்காலத்தில் ஸ்பெயினுக்குப் போக முடியாது. எனவே 1940 இல், ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் நகரருகே மாக்ஸ்கிளான் முகாமில் அடைக்கப்பட்டிருந்த றோமா, சிந்தி மக்களில் 50 பேருக்கு மேல் பவேரிய மலையடிவாரத்துப் படப்பிடிப்புத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். குழந்தைகளும் அதில் அடக்கம். காவலுடன் வந்தார்கள், காவலுடன் வேலை செய்தார்கள். கூலி அவர்கள் கைக்கு வரவில்லை. 1942 இல் பேர்லின் ஸ்ரூடியோக் காட்சிகளுக்காக மார்சான் முகாமிலிருந்து 60 க்கும் மேற்பட்டோர் எடுக்கப்பட்டனர்.

1942 டிசெம்பரில் ஹிம்லரின் உத்தரவு வந்தது. 1943 மார்ச் முதல் மார்சானிலிருந்தும் மாக்ஸ்கிளானிலிருந்தும் மக்கள் அவுஸ்விற்ஸுக்கு ஏற்றப்பட்டனர். படத்தில் நின்றவர்களிற் பலர் அங்கே இறந்தனர். லெனியின் படத்தொகுப்பு வேலை தொடர்ந்தது. போரும் வழக்குகளும் படத்தைத் தாமதமாக்க, 1954 பெப்ரவரியில் ஸ்ருட்காட் நகரில் 'தாழ்நிலம்' திரையிடப்பட்டது. லெனி ஆடுகிறார். பின்னால் நிற்பவர்களிற் பலர் உயிரோடில்லை. படத்தில் அவர்கள் கைதட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நிற்கிறார்கள்.

*

போரின் பின் லெனியை அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறித் தடுத்துவைத்தனர். நாஸித் தொடர்பு பற்றிப் பல விசாரணைகள் நடந்தன. முடிவில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'மிற்லொய்ஃபர்'. எமது ஜேர்மன் மொழி சமையலறையில் கற்றதுதான். ஆனாலும் இச்சொல்லைப் பிரித்தால் 'கூட ஓடியவர்' என்று வருவது தெரிகிறது. மற்றவர் ஓட, சும்மா பின்னால் ஓடியவர். கொடிக்கம்பத்தில் மின்தூக்கி பூட்டியவரை, பல்லாயிரம் பேர் எப்படி அசைவார்கள் என்று பார்த்துப் பார்த்து வெட்டியவரைச் சட்டம் கூட ஓடியவர் என்றது.

இங்கே இன்னொரு பேர்லின் பெண்ணை நினைக்காமலிருக்க முடியவில்லை. மார்லேனே டீற்றிஷ் 1901 இல், லெனிக்கு எட்டு மாதம் முன் அதே நகரில் பிறந்தவர். 1930 இல் ஹொலிவூட் போனார். நாஸிகள் ஆசைகாட்டி அழைத்தும் திரும்பவில்லை. 1939 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, போர்முனையில் நேச நாட்டுப் படைகளுக்காகப் பாடினார். 1960 இல் ஜேர்மனிக்குப் பாட வந்தபோது அவருக்குத் துரோகி என்று எழுதிய மட்டைகளும் வசைகளும் காத்திருந்தன. கூட ஓடியவருக்கு மன்னிப்பு, ஓடாமல் வெளியேறியவருக்குத் துரோகிப் பட்டம். புலம்பெயர்ந்து வந்து, ஊரின் ஆயுதங்களைக் கேள்வி கேட்டதற்காக அதே பட்டத்தைச் சுமந்த நண்பர்கள் எம் மத்தியிலும் உண்டு.

லெனி வழக்காடுவதில் சளைக்கவில்லை. முகாம் மக்களைப் பயன்படுத்தியதாக எழுதிய சஞ்சிகையொன்றின் மீது 1949 இல் வழக்குப் போட்டு வென்றார். 1982 இல் நீனா கிளாடிற்ஸ் என்ற இயக்குநர், உயிர்தப்பிய றோமா, சிந்தி மக்களைத் தேடிப்பிடித்து விவரணப்படம் எடுத்தார். லெனி மீண்டும் வழக்குப் போட்டார். முகாமிலிருந்து ஆட்கள் கட்டாயமாக எடுக்கப்பட்டனர், கூலி கொடுக்கப்படவில்லை என்பவற்றைச் சொல்ல நீதிமன்றம் அனுமதித்தது. அவுஸ்விற்ஸ் பற்றி லெனிக்கு முன்பே தெரிந்திருந்தது என்ற பகுதியை மட்டும் நீக்கச் சொன்னது. கிளாடிற்ஸ் நீக்க மறுத்தார். படம் அலமாரிக்குள் போயிற்று.

இடையில் லெனி சூடானின் நூபா மக்களிடம் போய் அவர்களது உடல்வனப்பைப் புகைப்படங்களாக்கினார். 1973 இல் அவை புத்தகமாக வந்தன. மேற்குலகம் அவரை மன்னிக்கத் தயாரான வேளையில், 1975 இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக் ஒரு கட்டுரை எழுதினார். மலைப் படங்களிலும் மாநாட்டுப் படத்திலும் நூபாப் படங்களிலும் ஓடுவது ஒரே அழகியல்தான், வலிமையையும் பூரணத்தையும் வழிபட்டு, பலவீனத்தை வெறுக்கும் அழகியல் என்பது அவரது வாதம். இக்கருத்துடன் நாம் உடன்படுகிறோம். ஒன்றை மட்டும் சேர்க்கலாம். லெனியின் படங்களில் உடல்கள் உண்டு, ஆட்கள் இல்லை. அந்த உடலுக்கு வீடு எங்கே, இரவு எங்கே படுக்கிறது, படப்பிடிப்பு முடிந்ததும் எங்கே போகிறது என்பது அவர் கேட்காத கேள்வி.

2002 இல், நூறாவது வயதை எட்டும் வேளையில், 'தாழ்நிலம்' படத்தில் வந்த எல்லோரையும் போரின் பின் கண்டதாகவும் ஒருவருக்கும் எதுவும் நேரவில்லை என்றும் பத்திரிகைச் செவ்வியொன்றில் கூறினார். றோமா அமைப்பொன்று உடனே சட்ட நடவடிக்கை எடுத்தது. அப்படி இனிச் சொல்வதில்லை என்று அவர் கையெழுத்திட நேர்ந்தது. பிறந்தநாள் நேரத்தில் அரச வழக்கறிஞர் தொடங்கிய விசாரணை பின்னர் கைவிடப்பட்டது. அதே 2002 இல்தான், இறந்து பத்து வருடமாகிவிட்ட மார்லேனேயைப் பேர்லின் தன் கௌரவக் குடிமகளாக ஏற்றது.

*

நாம் ஏன் இதை எழுதுகிறோம்? 1990களில் எமது வரவேற்பறைகளில் வீடியோ கசெற்றுகள் ஓடின. கொடி ஏறும். பறை முழங்கும். ஒரே அளவான கால்கள் ஒரே நேரத்தில் உயரும். கமரா கீழே இருந்து மேலே தலைவரைப் பார்க்கும். அரசின் இராணுவ அணிவகுப்பானாலும் சரி, இயக்கங்களின் அணிவகுப்பானாலும் சரி, கமரா நின்ற இடம் ஒன்றுதான். எமக்கும் அப்போது மயிர்க்கூச்செறிந்தது. அந்த உணர்வு உண்மையானது. அதனால்தான் அது எங்கே செய்யப்பட்டது என்று அறிந்துவைத்திருப்பது அவசியமாகிறது. அழகாக எடுக்கப்பட்ட வரிசையில் நிற்கும் சிறுவனின் தாய் எங்கே நிற்கிறாள் என்று கேட்பது கலையைப் பழிப்பதாகாது.

ஜேர்மன் அரசு றோமா, சிந்தி மக்களுக்கு நடந்தது இனக்கொலை என்று ஏற்றுக்கொண்டது 1982 இல்தான். பேர்லினில் பாராளுமன்றக் கட்டிடத்தருகே அவர்களுக்கான நினைவிடம் 2012 இல் திறக்கப்பட்டது. மார்சானில் முகாம் இருந்த இடத்துக்கு, சிறுவனாக அங்கே கொண்டுவரப்பட்டு அவுஸ்விற்ஸிலிருந்து உயிர்தப்பிய ஒற்றோ றோசன்பேர்க்கின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. லெனி விட்டுப்போன கடிதங்கள், படங்கள், ஒலிப்பதிவுகள் யாவும் 2018 இல் பேர்லினிலுள்ள பொது நிறுவனமொன்றிடம் வந்தன. அவற்றை ஆராய்ந்து அன்ட்ரேஸ் ஃபையல் எடுத்த விவரணப்படம் 2024 இல் வெளியானது. இன்னும் எழுதப்படுவார், இன்னும் பேசப்படுவார்.

'தாழ்நிலம்' இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. வாய்க்குமானால் நண்பர்கள் அதைப் பார்க்கவேண்டும். மதுச்சாலைக் காட்சி வரும்போது நடுவில் ஆடுபவரை விட்டுவிட்டு, சுவரோரமாக நிற்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவர்களில் ஒருவரின் பெயரும் படத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லை.